சந்தோஷம் என்னும் தீவில் மூன்று இரவுகள்

செந்தோசா என்ற மலாய்ச் சொல்லுக்கு அமைதி, மனநிறைவு என்று பொருள். வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல் அது. நாம் நாள்தோறும் வழங்கும் சந்தோஷமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சிங்கப்பூரின் தென்கரையை ஒட்டி, ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள அந்தப் பெயருடைய தீவுக்குப் போய்த் தங்கலாம் என்று என் மனைவி கூறியபோது, “சந்தோஷத்துக்கு இவ்வளவு விலையா?” என்று கேட்டேன். சிலேடை நன்றாக அமைந்துவிட்டதாக எனக்கு எண்ணம். அவள் சிரிக்கவில்லை.

அது 2019ஆம் ஆண்டின் இறுதி. நான் பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு வார இதழில் வந்திருந்த புகைப்படத்தை அவள் எடுத்து வைத்திருந்தாள். மரங்களுக்கு நடுவே பச்சை நிற ஆறு ஒன்று வளைந்து ஓடுகிறது. அதில் ரப்பர் மிதவைகளில் மனிதர்கள் சாய்ந்து படுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஆறு எங்கும் போய்ச் சேராது, பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் என்று மகள் விளக்கினாள். “எங்கும் போகாவிட்டால் என்ன, தண்ணீர்தானே” என்றாள் என் மனைவி.

திருவரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். பள்ளிப் பருவம் முழுவதும் அம்மா மண்டபப் படித்துறையில் குளித்து, காவிரியிலேயே நீந்தக் கற்றவள். திருமணத்துக்குப் பிறகு என் பணிமாற்றங்களோடு ஊர் ஊராக வந்தாள். அந்த ஊர்களில் குழாய்த் தண்ணீர் இருந்தது, ஆறு இல்லை. இருந்த இடத்திலும், மூன்று பிள்ளைகளின் தாய் ஆற்றில் நீந்துவதை அக்கம்பக்கம் ஏற்றுக்கொண்டிருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பெண், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நீரில் இறங்கவில்லை என்பதை அன்றுதான் நான் கணக்கிட்டுப் பார்த்தேன்.

மறுவாரம் வங்கிக்குச் சென்று, மாதம் 6,000 ரூபாய் வீதம் அறுபது மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினேன். இடையில் பெருந்தொற்று வந்து உலகமே முடங்கியது. கணக்கு மட்டும் முடங்கவில்லை. 2025 ஜனவரியில் முதிர்ந்தபோது, போட்ட 3,60,000 ரூபாய் வட்டியுடன் 4,20,000-ஐச் சற்றே தாண்டியிருந்தது. நாங்கள் இருவர், மகள், எட்டு வயதுப் பேரன் என நான்கு பேர் பயணத்துக்கு அதுவே மொத்த நிதி. அதற்கு மேல் ஒரு ரூபாயும் எடுப்பதில்லை என்று நான் வீட்டில் அறிவித்தேன். அந்த அறிவிப்பில் சற்று வீம்பும் இருந்தது என்பதைப் பின்னால் வரும் பகுதி காட்டும்.

விளம்பர விலையும் உண்மை விலையும்

சிங்கப்பூர்த் தமிழர்கள் தங்கள் டாலரை வெள்ளி என்றே சொல்வார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன். நாங்கள் சென்ற 2025 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 65 ரூபாய்.

தீவில் நாங்கள் தேர்ந்தெடுத்த விடுதியில் நால்வர் தங்கக்கூடிய அறைக்கு இரவுக்கு 600 வெள்ளி என்று போட்டிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. அலங்காரத்துக்காக அவற்றைப் போட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அவற்றின் பொருளை மகள்தான் எடுத்துரைத்தாள். முதல் குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி. அந்நாட்டில் அவ்வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உள்ளது. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின்மேல்தான் வரி விதிக்கப்படுகிறது. எனவே 600 என்பது 660 ஆகி, பிறகு 719 வெள்ளி 40 காசாக நிற்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். உணவகங்களின் விலைப்பட்டியலிலும் இதே இரட்டைக் குறிகள் உண்டு.

மூன்று இரவுக்கு 2,158 வெள்ளி 20 காசு. நம் கணக்கில் 1,40,283 ரூபாய். இதை வீட்டிலிருந்தே கடன் அட்டையில் செலுத்தினேன். அயல்நாட்டு நாணயத்தில் செலவிட்டதற்காக என் அட்டையில் 3.5 விழுக்காடு கட்டணமும், அந்தக் கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு வரியும் சேர்ந்தன. அது இன்னுமோர் 5,800 ரூபாய். ஓர் இரவுக்கு 39,000 ரூபாய் என்று மனத்தில் இருந்த அறை, கையை விட்டுப் போகையில் 48,700 ரூபாய் ஆகியிருந்தது. இவ்வளவு கொடுத்தும் காலை உணவு அதில் சேரவில்லை. நீர்ப்பூங்காவின் நுழைவுச் சீட்டும் சேரவில்லை. தீவு விடுதிகளில் இவை சேர்ந்த தொகுப்புகளும் உண்டு, சேராத வெறும் அறைகளும் உண்டு. இரண்டுக்கும் புகைப்படம் மட்டும் ஒன்றாகவே இருக்கும்.

பயண நிறுவனத்தின் வெளிநாட்டுத் தொகுப்பாக வாங்கியிருந்தால், நாங்கள் சென்ற காலத்து விதிப்படி பத்து லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு மூலவரி வசூலித்திருப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை பணம் நம் கையில் இராது. நாங்கள் தனித்தனியாகப் பதிவு செய்தோம். எங்கள் தொகையும் சிறியது. அதனால் அந்த வரி எங்களுக்கு வரவில்லை. இவ்விகிதங்கள் வரவுசெலவுத் திட்டத்துக்குத் திட்டம் மாறுபவை. புறப்படும் ஆண்டின் விதியைக் கிளையில் கேட்டறிவதே முறை.

கைச்செலவுக்காக 2,000 வெள்ளியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொண்டேன். வரம்பு மீறிவிடுவோம் என்று அஞ்சிக் கடன் அட்டையை வீட்டு அலமாரியில் பூட்டினேன். என் மனைவி தன் பங்குக்குத் தனியே 400 வெள்ளியை நோட்டுகளாக வாங்கிச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். தேக்காவில் மகளுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம்.

மரணத்துக்குப் பின்னால் இருந்த தீவு

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. பயணம் நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மே 12 அங்கே விசாகத் திருநாள் விடுமுறை. நீண்ட வார இறுதியில் தீவின் அறை வாடகை உயரும் என்பதால் மறுநாள் போய் இறங்கினோம். முதல் இரவு சிராங்கூன் சாலைப் பகுதியில் ஓர் எளிய விடுதி. மறுநாள் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறினால், வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட். அங்குள்ள விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் தீவுக்குச் செல்லும் ஒற்றைத் தண்டவாள வண்டி நிற்கிறது. உள்ளே போக ஆளுக்கு 4 வெள்ளி. தீவுக்குள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், திரும்பி வரும்போதும் கட்டணம் இல்லை. பெட்டிகள் இல்லாவிட்டால் கடலோர நடைபாதை வழியாக இலவசமாகவே நடந்து போய்விடலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுகரை.

இந்தத் தீவுக்கு ஒரு காலத்தில் பூலாவ் பிளாக்கங் மாத்தி என்று பெயர். ‘மரணத்துக்குப் பின்னால்’ என்பது போன்ற பொருள் தரும் பெயர். 1870களில் ஆங்கிலேயர் இங்கே சிலோசோ கோட்டையைக் கட்டினர். துறைமுகத்தைக் காக்க நிறுத்திய பீரங்கிகள் இன்றும் கடலை நோக்கியே நிற்கின்றன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்து நடந்த சூக் சிங் படுகொலையில் சுட்டுக் கொல்லப்பட்ட சீன ஆடவர் பலரின் உடல்கள் இத்தீவின் கரையில் ஒதுங்கின. சரணடைந்த படைவீரர்கள் இங்கே கைதிகளாக வைக்கப்பட்டிருந்தனர். 1967இல் பிரிட்டன் தீவைச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைத்தது. அங்கே எண்ணெய் ஆலையோ தொழிற்சாலையோ வைக்காமல் உல்லாசத் தீவாக்குவது என்று முடிவாயிற்று. பொதுமக்களிடம் பெயர் கேட்டு, சந்தோஷத்தைப் பெயராகச் சூட்டினர். 1972இல் தீவின் வளர்ச்சிக்கென ஒரு கழகம் அமைந்தது. 1974இல் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. இன்று நாம் கால் புதைத்து நடக்கும் வெண்மணற் கடற்கரைகள்கூட இயற்கையானவை அல்ல. அண்டை நாடுகளிலிருந்து விலைக்கு வாங்கிய மணல் அது. 2018 ஜூன் 12 அன்று அமெரிக்க அதிபரும் வடகொரியத் தலைவரும் சந்தித்தது இத்தீவின் ஒரு விடுதியில்தான்.

2010இல் திறக்கப்பட்ட ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசா என்னும் பெரிய உல்லாச வளாகம் தீவின் வடகரையில் உள்ளது. அதன் ஒரு பகுதியாக 2012 நவம்பரில் அட்வென்சர் கோவ் நீர்ப்பூங்கா வந்தது. வளாகத்தில் சூதாட்டக் கூடமும் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதனுள் நுழைய நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அக்கட்டணம் இல்லை. தன் மக்களைத் தடுக்க அரசே கட்டணம் வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு நான் ஏன் இலவசமாகப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பேரனுக்கு வேறொரு ஏமாற்றம். அவன் பார்க்க விரும்பிய பெரிய மீன்காட்சியகம் விரிவாக்கத்துக்காக அந்த மாதம்தான் மூடப்பட்டிருந்தது. ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற புதுப்பெயரில் அது திறந்தபோது நாங்கள் ஊரில் இருந்தோம்.

ஆறு

என் மனைவி எதை உடுத்திக்கொண்டு நீரில் இறங்குவாள் என்பதே ஐந்தாண்டுகளாக எங்கள் வீட்டில் பேசப்படாமல் இருந்த கேள்வி. சேலையோடும் சுடிதாரோடும் இத்தகைய பூங்காக்களில் நீரில் விடுவதில்லை. பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். உலோகக் கொக்கியும் பற்பிணையும் சறுக்குப் பாதையைக் கீறிவிடும். முதல் நாள் மாலையில் முஸ்தபா கடையில் விடை கிடைத்தது. மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை, இடுப்புக்குக் கீழே சிறு பாவாடை போன்ற மடிப்புடன். மலாய்ப் பெண்கள் பலரும் அணிவது அது. “இது நம் பாவாடை சட்டையை விட மரியாதையாக இருக்கிறதே” என்று சொல்லிக் கருநீலத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பூங்கா திறந்ததும் உள்ளே நுழைந்தோம். பேரனுக்கு நேராக ராக்கெட்டுக்குப் போக வேண்டும். ரிப்டைட் ராக்கெட் என்பது அதன் பெயர். தென்கிழக்காசியாவின் முதல் நீர்க்காந்த உருள்வண்டி என்று சொல்லப்படுவது. வழக்கமான சறுக்கில் மேலிருந்து கீழேதான் வர முடியும். இதில் பாதைக்கு அடியில் பதித்த மின்காந்தங்கள் படகை மேட்டின்மீதும் உந்தி ஏற்றுகின்றன. ஏறிய வேகத்தில் அது மறுபக்கம் விழுகிறது. நுழைவாயிலில் ஓர் அளவுகோல் இருந்தது. பேரன் கழுத்தை நீட்டி நின்றான். பணியாளர் அவன் தோளை மெல்ல அழுத்திக் குதிகாலைத் தரையில் வைத்தார். தாயோடு சேர்ந்து போகலாம் என்று அனுமதித்தார். தனியாகப் போக இரண்டு விரல்கடை குறைவாம். அன்றிரவு முழுவதும் அந்த இரண்டு விரல்கடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

நான் போகவில்லை. முதுகுத் தண்டில் தேய்மானம் உள்ளவர்கள், இதய நோயாளிகள், கருவுற்றவர்கள் ஏற வேண்டாம் என்று பலகை சொல்லிற்று. பலகையைப் படித்து நிம்மதியடைந்தவன் அங்கே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ஆற்றுக்கு வருகிறேன். அதன் நீளம் 620 மீட்டர். பதினான்கு வகைக் காட்சிகளினூடே அது வளைந்து செல்கிறது. ஓரிடத்தில் தோட்டம், ஓரிடத்தில் குகை, ஓரிடத்தில் மீன்கள் நீந்தும் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே. ஆழம் அதிகம் இல்லை. நீரேற்றும் இயந்திரங்கள் கரையோரத் துளைகள் வழியாகத் தொடர்ந்து நீரை ஒரே திசையில் பாய்ச்சுகின்றன. அதனால்தான் சரிவே இல்லாத வட்டத்தில் ஆறு ஓடுகிறது. நடை வேகத்தைவிடக் குறைவான ஓட்டம்.

என் மனைவி மிதவையில் ஏறவில்லை. படியில் நின்று காலால் நீரின் வேகத்தைப் பார்த்தாள். உயிர்காப்பு மேலாடையை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பாராமலே இறங்கினாள். நான் ஒரு மிதவையில் தொற்றிக்கொண்டு பின்னால் போனேன். முதல் வளைவு வரை அவள் கைகள் தடுமாறின. அதன் பிறகு அவை தடுமாறவில்லை. மல்லாந்து, முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவ்வப்போது திசை திருத்திக்கொண்டு அவள் போன விதம், அந்த நீருக்குப் பழகியவள் போன விதம். இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லையே என்று நினைத்தேன். இரண்டாம் சுற்றில் நான் கரையேறிவிட்டேன். அவள் ஒன்பது சுற்று வந்தாள். நான் எண்ணினேன், அவள் எண்ணியிருக்க மாட்டாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைக்குள் இருக்கிறது. உலகில் மின்னல் மிகுந்த இடங்களுள் அதுவும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். ஊதல் ஒலித்ததும் ஒருவர் விடாமல் நீரிலிருந்து வெளியேற்றப்பட்டோம். ஒன்றரை மணி நேரம் கூரைக்கடியில் ஈரத்துடன் நின்றோம். கட்டணம் கட்டிய நேரம் இப்படிக் கரைவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் மனைவியோ மழையைப் பார்த்துக்கொண்டு, “ஆடிப்பெருக்கு மாதிரி இருக்கு” என்றாள். அங்கே செல்பவர்கள் காலையிலேயே முக்கியமானவற்றை முடித்துக்கொள்வது நல்லது. மழையால் மூடினால் என்ன ஏற்பாடு என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். பொருள்களை வைக்கும் பெட்டகத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. நால்வருக்கு ஒன்றே போதும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீவில் எங்கள் நால்வரின் ஒரு வேளைச் சாப்பாடு எண்பது வெள்ளிக்குக் குறையவில்லை. இரண்டாம் நாள் இரவு நடைபாதை வழியே மறுகரைக்குப் போய், ஹார்பர்ஃபிரண்ட் அருகிலுள்ள சியா இம் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்தோம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் வயிறு நிறைந்தது.

பூட்டிக் கிடந்த பணம்

விடுதிக்குள் நுழைந்த அன்று, வரவேற்பில் முன்பதிவு செய்த அட்டையைக் கேட்டார்கள். அது எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. பயண அட்டையைக் கொடுத்தேன். கையெழுத்திட்டேன். அறைக்குப் போனதும் குறுஞ்செய்தி: 600 வெள்ளி. ஏற்கெனவே முழுவதும் கட்டிய அறைக்கு மீண்டும் வசூலா என்று கீழே ஓடினேன். அது வசூல் அல்ல, பிடித்துவைப்பு என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். அறையில் ஏதேனும் உடைந்தாலோ, நாம் கணக்கெழுதிச் சாப்பிட்டாலோ ஈடுகட்ட, ஒரு தொகையை அட்டையில் பூட்டி வைப்பது உலகெங்கும் பெரிய விடுதிகளின் வழக்கம். கடன் அட்டையானால் கடன் வரம்பில் அவ்வளவு குறையும். நம் பணம் அசையாது. பற்று அட்டையிலும் பயண அட்டையிலும் நம் சொந்தப் பணமே பூட்டப்படும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடப் பல நாள்கள் ஆகலாம். பயண அட்டையோடு வந்த கையேட்டில், விடுதி முன்தொகைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தேன்.

இன்னொரு தவறும் செய்தேன். தீவின் ஒரு கடையில் 52 வெள்ளிக்குப் பொருள் வாங்கியபோது, இயந்திரம் ‘ரூபாயா, வெள்ளியா?’ என்று கேட்டது. நம் நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தொட்டேன். கடைக்காரரின் பக்கத்தில் வெள்ளி ரூபாயாக மாறியது. என் அட்டையில் வெள்ளி மட்டுமே இருந்ததால் ரூபாய் மறுபடி வெள்ளியாக மாறியது. இரு மாற்றங்களிலும் தேய்ந்து, 55 வெள்ளிக்கு மேல் கழிந்தது. எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே அந்த இயந்திரத்தில் தொட வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை விடுதியின் குளக்கரையில் பேரன் ஓடினான். ஓடாதே என்று எழுதியிருந்த இடத்தில்தான் ஓடினான். வழுக்கி விழுந்ததில் முகவாய் பிளந்துவிட்டது. உயிர்காப்பாளர் உடனே வந்து கட்டுப் போட்டார்; தையல் போட வேண்டியிருக்கும் என்றார். வாடகை வண்டியில் மறுகரையிலிருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனோம். மூன்று தையல். பையன் அழவில்லை, மகள்தான் அழுதாள். பணம் 260 வெள்ளி.

அட்டையை நீட்டினேன். போதிய இருப்பு இல்லை என்றது இயந்திரம். 2,000 வெள்ளியில் செலவு போக 180 இருந்தது. விடுதியில் பூட்டிய 600 என் பெயரில்தான் இருந்தது. ஆனால் தொட முடியாது. மகள் தன் கடன் அட்டையைக் கொடுத்தாள். அதுவும் மறுத்தது. 2020 முதல் நம் நாட்டில் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியில் திறந்துகொள்ள வேண்டும். நம் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. மகள் செயலியில் நுழைந்து அந்த விசையைத் தொட்டாள். ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய எண்ணுக்கு அனுப்பப்பட்டது. அந்த எண்ணுக்கு அவள் ரோமிங் வசதி போட்டு வரவில்லை. இணையத்துக்கு மட்டும் உள்ளூர்ச் சிம் வைத்திருந்தாள். பதிவு மேசையிலிருந்த பெண், “பரவாயில்லை ஐயா, உட்காருங்க, பொறுமையா பாருங்க” என்று தமிழிலேயே சொன்னார். அந்தக் கனிவு என் வெட்கத்தைக் கூட்டத்தான் செய்தது.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஐம்பது வெள்ளி நோட்டுகள் ஐந்தையும் பத்து வெள்ளி நோட்டு ஒன்றையும் எண்ணி மேசைமேல் வைத்தாள். ரசீதையும் மருத்துவரின் குறிப்பையும் கேட்டு வாங்கி, மடித்து, நோட்டுகள் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அறையைக் காலி செய்ய வேண்டும். விடியற்காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தபோது அவள் படுக்கையில் இல்லை. விடுதிக் குளத்தில் தனியாக நீந்திக்கொண்டிருந்தாள். கரையில் அந்நேரத்தில் யாரும் இல்லை. உள்ளபடியே சொன்னால், இத்தகைய விடுதியில் மூன்று இரவு அதிகம். நீர்ப்பூங்காவுக்கு வெளியிலிருந்து வருபவர்களும் சீட்டு வாங்கி நுழையலாம் என்பதால், ஊருக்குள் எளிய விடுதியில் தங்கிக்கொண்டே அந்த ஆற்றில் மிதந்திருக்கலாம். நாங்கள் கொடுத்த அதிகப் பணத்துக்குத் தனியாகக் கிடைத்தது, கூட்டம் வருவதற்கு முந்தைய அந்தக் காலை நேரம் மட்டுமே. அதற்கு இரண்டு இரவே போதும். மூன்றாம் இரவின் 48,700 ரூபாயை நான் இன்னும் மனத்தளவில் மன்னிக்கவில்லை. என் மனைவியிடம் இக்கணக்கைச் சொன்னபோது, “மூணாவது காலைதான் நல்லா நீந்தினேன்” என்றாள்.

600 வெள்ளி, அறையைக் காலி செய்த ஒன்பதாம் நாள் அட்டைக்குத் திரும்பியது. பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ரசீதையும் மருத்துவர் குறிப்பையும் அனுப்பினோம். அந்த மடித்த தாள்கள் இல்லாவிட்டால் கோரிக்கையே எழுந்திருக்காது. பத்திர விதிப்படி 50 அமெரிக்க டாலரை விலக்குத் தொகையாகக் கழித்துக்கொண்டு மீதியை ஜூலையில் கணக்கில் போட்டார்கள். தோடு என்.எஸ்.பி. சாலையில் வாங்கப்பட்டது. அதற்குள் தங்கம் விலை ஏறியிருந்ததால், குறைந்த தொகையை நான் போட்டேன்.